தண்டில் ஏறிய சிவப்பு

யுத்த காலத்தில் ஒருநாள், திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காக வரிசையில் நின்றேன்.

"உம்மா, பூ மை குடிக்குது!" என்றாள் முன்னால் தாயோடு நின்ற சிறுமி. அவளுடைய போத்தலில் சிவப்பு மைத் தண்ணீரும் ஒரு வெள்ளைக் காசித்தும்பைக் கிளையும் இருந்தன.

"செடிக்கு வாயா இருக்கு?"

"தண்டுக்குள்ள மெல்லிய குழாய் இருக்கு உம்மா. இலையால தண்ணி ஆவியாப் போகப் போக, கீழ இருக்கிறது மேல இழுபடும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில ரீச்சருக்குக் காட்டோணும்."

சோதனைச் சாவடியில் சிப்பாய் போத்தலைக் கவிழ்க்கச் சொன்னான். மை முழுவதும் மண்ணில் ஊறியது; கிளை மட்டும் சிறுமியின் கையில் மிஞ்சியது.

"அழாத மகள்."

"நான் அழல்ல உம்மா! தண்டுக்குள்ள ஏறினதை அவரால ஊத்த ஏலாதே!"

லோஞ்சு பாதி தூரம் போனபோது வெள்ளை இதழில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. முதலில் கண்டு கத்தியது தாய்தான்: "ஏறிட்டு மகள், ஏறிட்டு!"