ஐந்நூறுக்குப் பச்சை அடித்த கதை

இன்னைக்குக் காலையில, காபிகூடக் குடிக்காம நான் செஞ்ச முதல் வேலை... எங்க கம்பெனி சர்வர்ல, யார் எப்போ என்ன அனுப்பினாங்கன்னு குறிச்சு வைக்கிற பதிவைத் திறந்து ஒரு பொண்ணோட பேரைத் தேடினது. பேரு இருந்துச்சு. எதுக்குத் தேடினேன்? அதுக்கு ஒரு சின்னக் கதை இருக்கு, கேளுங்க பிள்ளைங்களா.

நீங்க சர்வர்கிட்ட எதைக் கேட்டாலும் அது முதல்ல ஒரு எண்ணைச் சொல்லும். இருநூறுன்னா, நடந்துடுச்சு. நானூத்தி நாலுன்னா, நீ கேட்டது இங்க இல்ல. நானூத்தி மூணுன்னா, இருக்கு... உனக்குத் தரமாட்டேன். நாலுல ஆரம்பிச்சா கோளாறு கேட்டவங்க பக்கம். ஐந்நூறுன்னா, தப்பு உன்மேல இல்லம்மா, என்மேலதான். எந்த ஆபீஸ்லயாவது ஒரு மனுஷன் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

எங்க கம்பெனி நர்சிங் படிப்புக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் வாங்குது. அந்த சர்வரைப் பார்த்துக்கறது என் வேலை. மேனேஜர் கிருபாகரன். திங்கக்கிழமை அறிக்கையில இருநூறு வந்தா பச்சை, ஐந்நூறு வந்தா சிவப்பு. ஜூன்ல கூட்டம் தாங்காம ஒரே சிவப்பு. சரிபண்ண மூணு வாரம் ஆகும்னேன். அவரு மூணு நிமிஷத்துல வழி கண்டுபிடிச்சாரு.

"ஐந்நூறு வர்ற இடத்துல எல்லாம் இருநூறுன்னு மாத்திடுங்க மேடம். திரையில மட்டும் 'வருந்துகிறோம்'னு போட்டுக்கலாம்."

"சார், சர்வர் பொய் சொல்லுமே?"

"பச்சையா சொல்லும்ல... அது போதும்."

புரியுதா? காய்ச்சல் இறங்கல. தெர்மாமீட்டர் மேல தொண்ணூத்தெட்டுன்னு பேனாவால எழுதிட்டோம். மாத்தினது வேற யாரும் இல்ல... நான்தான். அந்தத் திங்கக்கிழமை கேக் வெட்டினாங்க. நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

சாயல்குடியில ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. கடைசித் தேதியன்னைக்கு கம்ப்யூட்டர் சென்டர்ல போய் விண்ணப்பிச்சா. அந்த சென்டர் மென்பொருள், ஐந்நூறுன்னு பதில் வந்தா விடாம திரும்ப அனுப்பும். இருநூறுன்னா, முடிஞ்சதுன்னு நிறுத்திடும். எங்க சர்வர் விண்ணப்பத்தைத் தொலைச்சுட்டு இருநூறுன்னு சொல்லுச்சு. 'வருந்துகிறோம்'ங்கிறதை மென்பொருள் படிக்குமா? ஆயிடுச்சு, கிளம்பும்மான்னு சென்டர்காரர் அனுப்பிட்டாரு.

விண்ணப்பிச்சவங்க பட்டியல்ல அவ பேரு இல்ல. எங்க ஆபீஸுக்குப் போன் பண்ணினா, நான்தான் எடுத்தேன். நீங்க அனுப்பவே இல்லன்னு சொல்லச் சொன்னாரு கிருபாகரன். சொன்னேன். எங்க ஐந்நூறைத் தூக்கி அவ தலையில நானூறா வச்சேன்.

அவ அழல. மெதுவா கேட்டா: "சீட்டு இல்லன்னாகூட பரவாயில்ல மேடம். அனுப்பலன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க வீட்டுல நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்க."

அடுத்த வருஷம் வேலைக்குப் போகப்போற பிள்ளைங்களே... எண்களை மனப்பாடம் பண்ணாதீங்க, அது புத்தகத்துல இருக்கு. இதை மட்டும் வச்சுக்கோங்க. 'தப்பு என்னோடது'ன்னு சொல்ல ஒரு இயந்திரத்துக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்க. அதை மறக்கடிச்சது நாம. நாம தப்பை ஒளிச்சா அது காணாமப் போறதில்ல... இன்னொருத்தர் பேருக்கு மாறிடுது.

காலையில பதிவுல நான் தேடினது அவ பேரைத்தான். வெள்ளிக்கிழமையோட சேர்க்கை முடியுது. அவ விண்ணப்பம் வந்து சேர்ந்துச்சு, தொலைச்சது நாங்கன்னு தேர்வுக் குழுவுக்கு நாளைக்கே எழுதிக் கொடுக்கப்போறேன். கம்பெனி பேருல இல்ல... என் கையெழுத்துல. இதை என் வீட்டுக்காரர்கிட்டகூட இன்னும் சொல்லல.