ஜின்சி பெயரில் போன ரத்தம்

நான் ஊசி குத்தினால் வலிக்காது என்று இனயம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், டாக்டர். வீடு வீடாகப் போய் லேபுக்கு ரத்தம் எடுப்பதுதான் என் வேலை. என் மனைவி ஜின்சி வெளியே பெஞ்சில் இருக்கிறாள். கதவு சாத்தியே இருக்கட்டும். புருஷனுக்கு ஏன் இதுவரை ஒரு சோதனையும் செய்யவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

செய்தேன். கல்யாணமாகி மூன்றாம் வருடம், லேபில் ஆளில்லாத நேரம் பார்த்து என் விந்தை நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஓர் உயிரணுகூட இல்லை. எங்கள் கடற்கரையில் பெண்ணுக்குக் குறை என்றால் நவநாள் ஜெபம் வைப்பார்கள். ஆணுக்கு என்றால் பட்டப்பெயர் வைப்பார்கள். அது கல்லறை வரை கூட வரும்.

அந்த வாரம்தான் அப்போதைய டாக்டர் ஜின்சிக்கு ஏ.எம்.எச். எழுதினார். கருமுட்டை எவ்வளவு மிச்சம், சிகிச்சை பலிக்குமா என்பதை ரத்தத்திலேயே ஓரளவு காட்டிவிடும் சோதனை. வீட்டில் நான்தான் எடுத்தேன். சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சொல்லி அம்மாவிடமும் எடுத்தேன். அம்மாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. அம்மாவின் குழாயில் ஜின்சி பெயரை ஒட்டினேன்.

முட்டை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று ரிப்போர்ட் வந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லையே என்று டாக்டரே வருத்தப்பட்டார். அதன்பிறகு என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அம்மா ஜின்சியை மலடி என்று ஏசும்போதெல்லாம் நான் அதட்டி நிறுத்தியிருக்கிறேன். ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், "நீங்க வேற பெண்ணு கெட்டுங்க. நான் எங்க வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

"எனக்குப் பிள்ள வேண்டாம் ஏட்டி. நீ போதும்," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று இன்றும் ஊரெல்லாம் சொல்கிறாள். வேறு பெண்ணின் முட்டை வைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோதும் நான்தான் வேண்டாம் என்றேன். அதற்கு என்னையும் சோதிப்பார்கள்.

அன்று அவள் முட்டை நன்றாகத்தான் இருந்திருக்கும். வேறொருவரின் விந்தை வைத்தாவது பெற்றிருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும்.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு. என்னிடம் சொல்லாமல் உங்களிடம் வந்து ரத்தம் கொடுத்திருக்கிறாள். மேசையில் இருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அன்று வந்ததும் இதேதான். அப்படியானால் நான் பொய் சொன்னதாக எப்படி ஆகும், டாக்டர்? கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.