ஏழுக்குத் தப்பிய ஒற்றை எண்

மூன்று இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது எண்களை, ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் வரிசையில் நிற்கவைத்து, ஒன்றே ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் வீட்டுக்கு விரட்டிய வித்தகியே! வகுத்தலின் வல்லரசியே! முப்பத்து நான்கு ஆண்டுகளில் மூன்று கரும்பலகைகளைத் தேய்த்தே ஓட்டையாக்கிய எங்கள் கணக்கம்மாவே! வணக்கம்.

தாங்கள் ஓய்வுபெறும் இந்நாளில், தங்கள் பணியனைத்தையும் பாட ஒரு பக்கம் போதாது. கணக்கம்மாவின் ஒரு காலைப்பொழுதை மட்டும் அவையறியச் சொல்கிறோம்.

அன்று இறுதித் தேர்வு. பத்து மணிக்கு இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளின் கையில் வினாத்தாள் இருக்க வேண்டும். அதுவோ அலுவலக அறையின் இரும்புப் பெட்டியில். அதன் ஒன்பது சக்கரப் பூட்டுக்கு எட்டாண்டுக்கு முன் எண் தேர்ந்தவர் கணக்கம்மா. அதைச் சீட்டில் எழுதிக் காத்தவர் தலைமையாசிரியர்.

"டீச்சர், சீட்டு உள்ளே இருக்கு."

"எதுக்குள்ள சார்?"

"பெட்டிக்குள்ளதான். நேத்து தாளோட சேர்த்து வெச்சுப் பூட்டிட்டேன். பத்திரமா இருக்கட்டுமேன்னு..."

தம் கைபேசி எண்ணின் முதல் ஒன்பது இலக்கங்களை ஒருமுறையும் மனைவியுடையதை ஒருமுறையும் அவர் ஏற்கெனவே திருகிப் பார்த்திருந்தார். மூன்றாவது முறையும் தவறினால் பூட்டு மறுநாள்தான் திறக்கும். உடைத்தால் தேர்வே ரத்து. இயற்பியல் ஆசிரியரோ கடப்பாறையோடு தயார்.

"நம்பர் எனக்கும் மறந்துபோச்சு சார். ஆனா அதோட குணம் மறக்கல," என்றார் கணக்கம்மா.

"குணமா? இது என்ன, மாப்பிள்ளை பாக்குறீங்களா?" என்றார் இயற்பியலார்.

"ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் எல்லாம் ஒரே ஒரு தடவை வரணும். முதல் ரெண்டு இலக்கம் ரெண்டால வகுபடணும், முதல் மூணு மூணால, நாலு நாலால, இப்படியே ஒன்பது வரைக்கும். அப்படி ஒரே ஒரு நம்பர்தான் இருக்கு. அதான் வெச்சேன்."

சுண்ணக்கட்டியோடு தரையிலேயே அமர்ந்தார். ஐந்து நட்டநடுவில் நாற்காலி போட்டுக்கொண்டது. இரட்டைப்படையெல்லாம் இரட்டை இடங்களுக்கு ஒதுங்கின. மூன்றும் நான்கும் எட்டும் சலித்த சல்லடையில் பத்தே பத்து எண்கள் தங்கின. பிறகு ஏழை ஏவினார். ஏழு இருக்கிறதே, ஈவிரக்கமே இல்லாதது! அந்தப் பத்தில் ஒன்பது எண்களை உதைத்து வெளியே தள்ளியது. எஞ்சியது ஒன்று: 381654729.

"சரி பாத்துட்டீங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"மூணு தடவை."

கணக்கம்மா ஒற்றை விரலால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் திருகியதை எல்லோரும் பார்த்தோம். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு அந்த விரலில் தொங்கியது. கடைசி ஒன்பதும் விழுந்தது. 'டக்'! மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

கணக்கம்மாவே! இனித் தங்கள் மதியத் தூக்கத்தை எந்த மணியும் கலைக்காதிருக்கட்டும்! கண்ணின் தெளிவும் காலின் வலுவும் நெடுங்காலம் கூட வரட்டும்! பேரப்பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு ஓடிவந்தால், அந்தப் பொல்லாத ஏழை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்!

அன்பில் அகலாத
ஆசிரியர்களும் அலுவலர்களும்

(கீழே, இயற்பியல் ஆசிரியர் தம் கைப்பட எழுதியது)

மிகை மிகுதி என்று இம்மடலில் ஒப்பமிட மறுத்தேன். ஆனால் அந்தப் பூட்டு திறந்தபோது கடப்பாறையோடு பக்கத்தில் நின்றவன் நான். நடந்தது.