மூன்று பேருக்குச் சரியான அளவு

பெரிய பிரேக் போடுகிறவர்கள் காரை நிறுத்துவதற்காக அதைப் போடுவதில்லை. நிறுத்தி வைத்த காரை நாலு பேர் பார்ப்பதற்காகப் போடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் பிழைப்பே அந்த ஆசையில்தான் ஓடியது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதென்றால் முதலில் ஓஃப்செட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். என் சட்டத்தரணி நித்தியானந்தன் பாதியிலேயே நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

வீலைக் காரோடு சேர்த்து முடுக்குகிற தட்டையான முகம், வீலின் அகலத்துக்கு நட்டநடுவில் இருக்க வேண்டும் என்றில்லை. நடுவிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஓஃப்செட். எண் கூடினால் வீல் உள்ளே ஒதுங்கும். குறைந்தால் வெளியே வரும். பெரிய பிரேக் போட்டால் அதன் கலிப்பர், அதாவது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கி, வீலின் ஆரக்கால்களில் முட்டும். ஆகவே எண்ணைக் குறைத்து வீலை வெளியே தள்ள வேண்டும். ஆனால் பதித்த காரில், அதாவது உயரம் குறைத்த காரில், மட்காட் டயருக்கு மேலே தொப்பி மாதிரி இறங்கி நிற்கும். கூடத் தள்ளிவிட்டால், பள்ளத்தில் விழும்போது டயர் அந்த மட்காட்டின் உள்விளிம்பில் உரசும். உள்ளே பிரேக், வெளியே விளிம்பு, நடுவில் நகத்தின் தடிப்பளவு இடம். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது என் தொழில். லண்டனில் இதை என்னைப்போல் செய்கிறவர்கள் அதிகம் இல்லை. பெருமைக்காக அல்ல, பதிவுக்காகச் சொல்கிறேன்.

சற்குணம் அண்ணையைத் தோர்ண்டன் ஹீத்தில் தெரியாதவர்கள் இல்லை. தெரியாதவர்களுக்கு அவரே போய்ச் சொல்லிவிடுவார். ஜெர்மனியில் பீட்சாவுக்கு மா குழைத்துவிட்டு இங்கே வந்தவர். இங்கே கடை வைத்தார், மண்டபம் வைத்தார், பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவரானார். ஓர் அமைப்பு அவருக்குச் 'சமூகச் சுடர்' என்று பட்டம் கொடுத்தது. அந்த அமைப்புக்கும் அவர்தான் தலைவர். பட்டத்தைத் தானே வாசித்து, தானே எழுந்து போய், தானே பெற்றுக்கொண்டார். கைதட்டலை மட்டும் எங்களிடம் விட்டார்.

அவருடைய மகன் ஜதுசனுக்கு வற்ஃபோர்ட்டில் பெண் பார்த்து முற்றாகியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் போகிற காரை ஒப்பனை செய்ய என் கராஜுக்குக் கொண்டுவந்தார். முன்னும் பின்னும் சிவப்புக் கலிப்பர் வைத்த பெரிய பிரேக் போட வேண்டும் என்றார். கார் ஏற்கெனவே பதித்தது.

"யோகு, வீலுக்குள்ளால அந்தச் சிவப்பு வடிவாத் தெரியவேணும். சம்பந்தி வாசல்ல நிண்டு பாக்கேக்க பளிச்செண்டு இருக்கோணும்."

"ஓம் அண்ணை."

"காரை இன்னும் கொஞ்சம் பதிக்கேலாதோ?"

"இதுக்கு மேல பதிச்சா எறும்பு குனிஞ்சுதான் போகவேணும்."

சிரித்தார். அவர் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும் என்று சுற்றிப் பார்ப்பார். நான் சிரித்தேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என் கராஜில் உள்ள கமராவில் அது பதிவாகியிருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

"அண்ணை, ஒண்டு. மூண்டு பேருக்கு மேல ஏத்தாதேங்கோ. நாலாவது ஆள் ஏறினா பின்பக்கம் இறங்கி டயர் முட்டும்."

"ஆர் ஏறப்போகினம்? நானும் மனிசியும் மச்சாள் வதனாவும்தான். மூண்டே மூண்டு பேர். ஜதுசன் சிநேகிதப் பெடியளோட முதலே போயிடுவான்."

இதுவரைக்கும் உங்களுக்கு என்னில் ஒரு பிழையும் தெரியாது. ஒரு வெள்ளைக்காரப் பொறியியலாளர் இந்த ஒளிப்பதிவைப் பார்த்தால் எனக்கு நற்சான்றிதழ் தருவார். ஆனால் எங்கள் ஆட்கள் நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் புறப்படுவதில்லை. பெண் பார்க்கவோ, நிச்சயம் செய்யவோ மூன்று பேராகப் படியிறங்கினால் காரியம் குழம்பும் என்று ஒரு நம்பிக்கை. வேதியியலில் பட்டம் பெற்றவர்களும் இதில் விலக்கில்லை. கடைசி நிமிடத்தில் யாருக்காவது நினைவு வரும். அகப்பட்ட ஒருவரை நான்காவதாக உள்ளே தள்ளுவார்கள். சற்குணம் அண்ணைக்கு அன்று அது நினைவில் வரவில்லை. அவர் தன்னை எப்போதும் இரண்டு பேராக எண்ணிப் பழகியவர்.

எனக்கு நினைவில் வந்தது. அவர் மூன்று என்று சொன்னபோதே அது நான்கு என்று எனக்குத் தெரியும்.

அவரில் எனக்கு ஏதும் கோபம் இருந்ததா என்று நேற்றுக் கேட்டீர்கள். இருந்ததில்லை. சங்கத்தின் ஆண்டு விருந்தில் நடந்ததை யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது சின்ன விஷயம். நான் கோட்டும் டையுமாக, முன்மேசையில், பல் வைத்தியர் பிரதாபனுக்குப் பக்கத்தில் இருந்தேன். சற்குணம் அண்ணை மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து, "யோகு, பிரதம விருந்தினற்ற காருக்குக் காத்துப் போயிட்டுதாம், ஒருக்கா ஓடிப்போய்ப் பாரப்பன்" என்றார். மண்டபம் சிரித்தது. பிரதாபனும் சிரித்தார், கறை படியாமல் என் கோட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் செய்தார். நான் போய் டயரை மாற்றிவிட்டு வந்தபோது என் மேசையில் ஐஸ்கிரீம் பரிமாறி முடிந்திருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

என் நோக்கம் எளிமையானது. அவர் சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்கும்போது பின்சில்லிலிருந்து புகை வரவேண்டும். கருகின ரப்பர் மணம் வரவேண்டும். அவ்வளவுதான். அந்த மனிதருக்கு அது ஒரு மருந்து. அப்படித்தான் நினைத்தேன், அல்லது நினைத்ததாக நினைவில் வைத்திருக்கிறேன்.

நிச்சயதார்த்தக் காலையில் என்னையும் வரச் சொல்லியிருந்தார். விருந்தாளியாக அல்ல. "ஏதும் சத்தம் கித்தம் வந்தா நீ பின்னால நிக்கவேணும்" என்றார். அவர் வீட்டு வாசலில் காருக்குப் பின்னால் என் வானை நிறுத்திவிட்டு நின்றேன். காரின் டிக்கி நிறையத் தட்டங்கள்: தேங்காய், பழம், பலகாரம், மூன்று அடுக்குக் கேக் ஒன்று. அவருடைய மகள் சாருஜா என் வானின் முன்சீட்டில் ஏற்கெனவே ஏறியிருந்தாள். அவளுடைய பாவாடைக்கு அந்தக் காரின் பின்சீட் போதாதாம். பெல்ட்டும் போட்டு, வழியில் கேட்பதற்குப் பாட்டும் தேடிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். மரியாதையான பிள்ளை. என்னை எப்போதும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள்.

கார் புறப்படப் போகும்போது மச்சாள் சந்திரவதனா தலையை வெளியே நீட்டினா.

"அக்கா, நாங்கள் மூண்டு பேராவெல்லே போறம்."

அவர் மனைவி ஜெகதீஸ்வரி அக்கா நெஞ்சில் கை வைத்தா. "ஐயோ, ஓமடி. நல்ல காலம் சொன்னாய். இஞ்சரப்பா, காரை நிப்பாட்டுங்கோ."

சற்குணம் அண்ணை கடிகாரத்தைப் பார்த்தார். "இனி ஆரைத் தேடுறது?"

"தம்பி யோகு, நீங்கள் வந்து ஏறுங்கோவன். வான் இஞ்சையே நிக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சற்குணம் அண்ணை என் எச்சரிக்கையை மறந்துவிட்டார். நினைவுபடுத்த ஒரு வசனம் போதும். அது வாய்வரைக்கும் வந்ததா என்று நீங்கள் கேட்டால், வரவில்லை.

"இல்லை அக்கா. திருத்துற சாமான் எல்லாம் வானுக்குள்ள. நான் பின்னால வாறன்."

"அப்ப சாருஜாவை அனுப்புங்கோ."

சாருஜா கண்ணை உருட்டினாள். "அங்கிள், சீரியஸ்லி. மூண்டு பேர் போனா என்ன நடந்திடும்?"

"அம்மா சொன்னாக் கேளும் பிள்ளை" என்றேன். பெல்ட்டை நான்தான் கழற்றிவிட்டேன். அது கொஞ்சம் இறுகும்.

அவள் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போய்ப் பின்சீட்டில் இடது பக்கம் ஏறினாள். கார் இறங்கியது. அதிகமில்லை, பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மட்டும் தெரிகிற இறக்கம்.

எம்-25 நெடுஞ்சாலை வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நகரத்துக்குள் வேகம் இல்லை. நெடுஞ்சாலையில் கொங்கிரீட் போட்ட பகுதி ஒன்று வரும். ஒவ்வொரு பொருத்திலும் கார் துள்ளும். நான் வானொலியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, பின்னால் போனேன். ஒவ்வொரு துள்ளலுக்கும் இடது பின்சில்லு மட்காட்டுக்குள் மறைந்து திரும்பியது. எங்கே போகும் என்று தெரிந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு போவது மனிதரைச் சோர்வாக்கும். நான் இடைவெளி விடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன் அடித்தது. அவர் காரின் ஸ்பீக்கரில் பேசினார்.

"யோகு, பின்னால கரகரவெண்டு ஒரு சத்தம்."

"எந்தப் பக்கம் அண்ணை?"

"வதனா சொல்லுறா, பிள்ளை இருக்கிற பக்கமாம். ஒருக்கா ஓரம் கட்டவோ?"

அவர் கேட்டார். அதை நான் மறைக்க மாட்டேன். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் கட்டளையாக இல்லாமல் என்னிடம் யோசனையாகக் கேட்டது அது ஒன்றைத்தான். பின்னாலிருந்து சாருஜாவின் குரலும் வந்தது. "அங்கிள், சத்தம் கூடுது. ஓகேயா?"

"புது வீல், முதல்ல அப்பிடித்தான்" என்றேன். "ஓரம் கட்டினா சுபநேரம் தப்பிடும். வேகத்தைக் குறைக்காமப் போங்கோ அண்ணை, சத்தம் நிண்டிடும்."

"கேட்டியோ? யோகுவே சொல்லிட்டான்" என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு போனை வைத்தார்.

சத்தம் நின்றது. இடது பின்டயர் கிழிந்தது, கார் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி, நடுத்தடுப்பில் பின்பக்கத்தால் மோதியது. முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். சந்திரவதனாவும் பிழைத்தா, இனி நடக்கமாட்டா என்கிறார்கள். சாருஜா அந்த இடத்திலேயே.

நான் வானை ஓரம் கட்டி ஓடினேன். முதலில் ஓடி வந்தவன் நான்தான் என்று சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள், அது உண்மை. எங்கே ஓடினேன் என்று யாரும் கேட்கவில்லை. டயரிடம் ஓடினேன். குனிந்து பார்த்தேன். டயரின் தோள் பக்கத்தில், சுற்றிவர, நேர்கோடாக ஒரு வெட்டு. நான் எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன். அம்புலன்ஸ்காரர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

சற்குணம் அண்ணை இப்போது எந்த மேடையிலும் ஏறுவதில்லை. சங்கத்துக்கு வேறு தலைவர் வந்துவிட்டார். செத்தவீட்டில் கழுத்துப் பட்டியோடு ஒரு மூலையில் இருந்தார். என்னைக் கண்டு எழும்பி வந்து, என் இரண்டு கையையும் பிடித்து, "நீ மூண்டு பேர் எண்டு சொன்னனி. நான்தான் மறந்துபோனன்" என்றார். ஜெகதீஸ்வரி அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "நான்தானே பிள்ளையைக் கூப்பிட்டனான்" என்றா. நான் இருவருக்கும் ஆறுதல் சொன்னேன். அந்த மனிதரின் ஆரவாரம் அடங்கிவிட்டது. நான் விரும்பியது அதுதான். அதற்கு இதைவிடச் சின்ன வழி இருந்திருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இனி அறிக்கைக்கு வருகிறேன். அதற்காகத்தான் நானாக இங்கே வந்தேன். உங்கள் விபத்து நிபுணர் என்ன எழுதியிருக்கிறார் என்று நித்தியானந்தன் காட்டினார்: வீலைப் பொருத்தியவர் ஓஃப்செட்டைத் தவறாகக் கணித்திருக்கிறார், மட்காட் விளிம்பை மடிக்கத் தவறியிருக்கிறார், கவனக்குறைவு. நித்தியானந்தனுக்கு ஒரே சந்தோசம். "யோகண்ணை, ஓம் பிழை விட்டிட்டன் எண்டு தலையை ஆட்டுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன். வீட்டுக்குப் போயிடலாம்."

மூன்று இரவு யோசித்தேன். ஆட்டமுடியவில்லை.

விளிம்பை மடிப்பது வழக்கம்தான். மடித்துவிட்டால் உரசினாலும் சத்தம் மட்டும்தான் வரும், டயர் தப்பிவிடும். மடிக்க நேரம் போதவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். நேரம் இருந்தது. அந்த நேரத்தில் விளிம்புக்கு அரம் போட்டேன். துரு இருந்ததா என்றால், இல்லை. புதுக் கார்.

கணிப்பைப் பற்றியும் சொல்கிறேன். கராஜில் கமரா பார்க்காத மூலையில் காரை நிறுத்தி, டிக்கியில் தட்டங்களின் நிறைக்கு மணல்மூட்டை வைத்தேன். சீட்டுகளில் மூன்று ஆட்களின் நிறைக்கு வைத்தேன். காரைப் பிடித்துக் குலுக்கினேன். டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு காகிதம் தாராளமாகப் போய்வந்தது. பிறகு பின்சீட்டில் நான்காவது மூட்டையை ஏற்றிக் குலுக்கினேன். காகிதம் இரண்டாக வெட்டுப்பட்டது. சரியாக நான்கில். மூன்றில் இல்லை. அப்படி ஓர் அளவை எடுக்க இந்த நாட்டில் எத்தனை பேரால் ஏலும் என்று உங்கள் நிபுணரிடமே கேளுங்கள்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் நான் உண்மையைச் சொல்ல வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில், 'தவறாகக் கணித்திருக்கிறார்' என்ற அந்த வரியை அடித்துவிடுங்கள்.