கூட்டம் குறையட்டும்

விமானம் நின்றவுடன் எல்லோரும் ஏன் அப்படி அவசரப்பட்டு எழும்புகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஐயா. கதவு திறக்க முதலே பையை இழுத்தெடுத்து, கழுத்தைச் சரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஆனாலும் ஆறுதலாக இறங்கலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் கேட்டபடி முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் சாந்தரூபன். சொந்த ஊர் பேசாலை. முப்பத்துநாலு வருடம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்துவிட்டு, போன மாதம் மனுசி மெற்றில்டாவோடு திருச்சியில் விமானம் ஏறினேன். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. சாகிறதென்றால் ஊரில் சாகவேணும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள்.

மெற்றில்டா முதலில் நீக்கிலாஸின் மனைவி. நீக்கிலாஸ் என் கூட்டாளி, ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழில் செய்தோம். தொண்ணூறில் சண்டையில் ஊர் கலைந்தபோது அவன் எஞ்சின் சாமான் வாங்க விடத்தல்தீவுக்குப் போயிருந்தான். பாதை பூட்டுப்பட்டுவிட்டது. அவன் பின்னால் வருவான் என்று சொல்லி அவளை வள்ளத்தில் ஏற்றி இராமேசுவரத்துக்குக் கொண்டுபோனேன். அப்போது நான் சொன்னது பொய் இல்லை. அவன் வருவான் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு வருடம் அவள் கடற்கரைக்குப் போய்ப் போய் வந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அவனைச் சுட்டுவிட்டார்கள், தனுஷ்கோடியில் ஒதுங்கிய உடலை நானே கண்டேன் என்று சொன்னேன். சுவாமியாரிடமும் அதையே சத்தியம் பண்ணிச் சொன்னேன். முகாமுக்குப் பக்கத்து மாதா கோயிலில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது.

அடுத்த வருடம் அவளைத் தேடி நீக்கிலாஸின் கடிதம் வந்தது. முகாமில் கடிதம் வாங்கிக் கொடுக்கிற வேலை என்னுடையது. மெற்றில்டா காய்ச்சலில் செத்துப்போனாள் என்று பதில் எழுதினேன். இரண்டு பேருக்கும் ஒரே அளவு துக்கம்தான் கொடுத்தேன். ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று இல்லை.

ஊர் திரும்புகிற ஆட்களின் பெயர்களைப் பேசாலைக் கோயிலில் வாசித்திருக்கிறார்கள். அதைக் கேட்டு, பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் நீக்கிலாஸ் எனக்குப் போன் எடுத்தான். குரல் கிழடாகியிருந்தது.

"சாந்தன், அவள் உயிரோடை இருக்கிறாளோ?"

"ஓம்."

"நீதானே செத்துப்போனாள் எண்டு எழுதினனீ."

அவனே தொடர்ந்து கதைத்தான்.

"நான் உன்னோடை சண்டைக்கு வரேல்லை. நான் பிறகு கலியாணமும் கட்டேல்லை, எனக்கு ஆருமில்லை. அவளை ஒருக்காப் பாக்கோணும். எயார்போட்டுக்கு வாறன்."

"வா," என்றேன். வேறு என்ன சொல்லலாம்?

மெற்றில்டாவுக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. இழுக்கத் தொடங்கினால் மூச்சு மருந்துப் பம்ப் உடனே வேணும். அதிர்ச்சியான சங்கதி ஒன்றும் சொல்லக்கூடாது என்று முகாம் டொக்டர் எச்சரித்திருந்தார். செத்துப்போன புருசன் வாசலில் நிற்பதைக் கண்டால் அவள் என்ன ஆவாள் என்று அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். அவள் அதைக் காணக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

விமானத்தில் அவளை யன்னல் பக்கம் இருத்தினேன். நடுவில் நான். ஓரத்தில் எருக்கலம்பிட்டிப் பிள்ளை ஒன்று, ஸீனத். அவளின் வாக்குமூலத்தை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். அவள் சொன்னதெல்லாம் சரி.

கீழே கடல் தெரிந்தபோது மெற்றில்டா என் கையைப் பிடித்து, "இஞ்சை பாருங்கோ, எங்கடை கடலோ?" என்று கேட்டாள். சந்தோசத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. தரையில் இறங்கும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரிச் சத்தம் கேட்டது.

"பம்பை எடுங்கோ."

"மேலே பைக்குள்ளை இருக்கு. கூட்டம் குறையட்டும்."

பம்ப் என் சேட்டுப் பொக்கற்றில் இருந்தது. ஸீனத் அதைக் கண்டிருக்கிறாள்.

பஸ் வரப் பிந்தியதால் கதவு திறக்க நேரம் எடுத்தது. ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மெற்றில்டா இரண்டு கையாலும் முன் சீற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முதுகைத் தடவிவிட்டேன்.

"அன்ரிக்கு ஏலாமல் கிடக்கே, ஆரையும் கூப்பிடட்டோ?" என்று ஸீனத் கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. வழமையா வாறதுதான். நீங்கள் இறங்குங்கோ."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். நான் போர்வையை மெற்றில்டாவின் கழுத்துவரை இழுத்துவிட்டு, முகத்தை யன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். கடந்து போகிறவர்களுக்கு நித்திரை மாதிரித் தெரியட்டும் என்றுதான். போர்வைக்குள்ளால் அவளின் கை வந்து என் பொக்கற்றைத் தொட்டது. அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். நல்ல பலம் இருந்தது. பிறகு குறைந்தது.

கடைசி ஆளும் போன பிறகு, விமானத்தில் வேலை செய்கிற பெட்டை வந்து, "ஐயா, இறங்கேல்லையா?" என்று கேட்டாள்.

"மனுசி நித்திரை. இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்," என்றேன்.

அவள் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்தினாள்.

நீக்கிலாஸ் வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம், தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு நின்றான். நான் தனியாக வருவதைக் கண்டும் எனக்குப் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சவப்பெட்டியைப் பேசாலைக்குக் கொண்டுபோன வான் வண்டியில் அவனும் வந்தான். வழியில் நான் கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை.

இதைக் கொலை என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். பம்பைக் கொடுத்திருந்தால் அவள் இறங்கியிருப்பாள். ஆனால் அவள் நன்மைக்குத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, ஐயா. நீக்கிலாஸ் ஏதோ பழைய கலியாணப் பத்திரத்தோடு அரசாங்கக் கச்சேரிக்குப் போய்வருகிறான் என்று கேள்விப்பட்டேன். மரணப் பதிவில் கணவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. அதை மாற்ற விடாதீர்கள்.