வெண்கலத்தார் காதில் சொன்னது

வெண்கலத்தாருக்குத் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்தான். ஆனால் வர்ணனை அறைக்குள் வியாதி வராது என்பது அவர் கட்சி. அவரைப் பற்றிய உங்கள் புத்தகத்துக்குச் சுவையாக ஏதாவது சொல்லச் சொன்னீர்கள். இதில் ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது.

குரல் வெண்கலம் என்பதால் ஜனங்கள் வைத்த பெயர் அது. பந்து வலைக்குள் போனால் மட்டும் போதாது. ரேடியோவில் அவர் "அடி சக்கை" என்று சொன்ன பிறகுதான் அதைக் கோல் என்று ஒப்புக்கொள்வார்கள். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, சின்ன மைக்கில், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஆட்டக்காரர்களின் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். என்னைக் "காது" என்றுதான் கூப்பிடுவார். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

உள்ளதைச் சொன்னால், சில வருடங்களாக அவருக்குக் கண் தெரியவில்லை. புரை. மைதானத்தின் எதிர்க்கோடி அவருக்கு வெறும் பச்சை. ஆபரேஷன் பேச்சை எடுத்தால், "கண்ணுக்கு என்னய்யா குறைச்சல்? கண்ணாடிதான் அழுக்கு" என்பார். நான் வாங்கித் துடைத்துக் கொடுப்பேன். மேசைமேல் டிவி இருந்தது. அதன் கண்ணாடியில் தலை கலைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

ஆகவே நான் சொல்வேன், ஒரு மூச்சு தள்ளி அவர் சொல்வார். "மூணு, இடது ஓரம், நல்ல பாஸ்" என்று நான் முணுமுணுத்தால், அதற்குப் பட்டு உடுத்தி, பொட்டு வைத்து அனுப்பிவிடுவார். "காது சொன்னா வாய் சொல்லணும். நடுவுல மூளைக்கு என்ன வேலை?" என்று சிரிப்பார். நல்ல மனிதர். என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இப்போது ஏழாம் நம்பர் பையனிடம் வருகிறேன். என் மகள் அவனை விரும்பினாள். அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். ஆனால் வெளிநாட்டு கிளப் ஒன்று அவன்மேல் கண் வைத்திருந்தது. "அவருக்கு அங்க இடம் கிடைச்சா நானும் போயிடுவேன்பா. நீங்க வருஷத்துக்கு ஒருதடவை வந்துட்டுப் போங்க" என்றாள் மகள். வருஷத்துக்கு ஒருதடவை வந்துபோக நான் என்ன பிறந்தநாளா? மனைவி போன பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. அவளை அனுப்ப எனக்கு மனசில்லை. நியாயம்தானே.

முதலில் பொய்கூடச் சொல்லவில்லை. "ஏழு, கொஞ்சம் மெதுவா" என்றேன். "ஏழாம் எண் காலைச் சாப்பாட்டை இன்னும் செரித்து முடிக்கவில்லை, நேயர்களே" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. அவர் குரல் மைதான ஒலிபெருக்கியிலும் வரும். அடுத்த ஆட்டத்தில், "ஏழு, லேசாப் பட்டாலே விழறான்" என்றேன். அதற்கு அவர், "இவர்மேல் இலை விழுந்தாலும் ஸ்ட்ரெச்சர் கேட்பார்" என்றார். அது ஊரெல்லாம் பரவிவிட்டது. பையன் பந்தைத் தொட்டாலே கூட்டம் "ஸ்ட்ரெச்சர், ஸ்ட்ரெச்சர்" என்று கத்தும். நான் தும்மினேன், அதை இடியாக்கியது அவர். அந்த வித்தை எனக்கு வராது.

வெளிநாட்டு கிளப்பின் ஆட்கள் நேரில் பார்க்க வந்த ஆட்டத்தில்தான் அது நடந்தது. எதிரணிக்காரன் சறுக்கி வந்து இடித்தான். ஏழு விழுந்தான். என்னிடம் பைனாகுலர் இருந்தது. கணுக்கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்ததைத் தெளிவாகவே பார்த்தேன்.

வெண்கலத்தார் தன் மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். அப்படி அவர் கேட்டதே இல்லை.

"காது, நிஜமா அடியா?"

"நடிப்புங்க" என்றேன்.

"இலை விழுந்துவிட்டது, நேயர்களே" என்றார் அவர்.

மைதானமே சிரித்தது. பையனுக்கும் கேட்டது. தூக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு எழுந்தான். ரோஷக்காரன். எழுந்தது மட்டுமல்ல, ஓடவும் செய்தான். அசையாமல் படுத்திருந்தால் கால் தேறியிருக்கும், ஓடியதுதான் முடித்துவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னாராம். ஓடச் சொல்லி நான் சொல்லவில்லை.

டிவியில் அந்தக் காலைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஊர் வெண்கலத்தாரைப் பிடித்துக்கொண்டது. நிலைய மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "எலும்பு உடைஞ்சது ஊருக்கே தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியலையா சார்?"

'காது சொன்னான்' என்று வெண்கலத்தார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கண் விஷயம் வெளியே வந்துவிடும். "நான் பார்த்தேன். நடிப்புன்னு நினைச்சேன். தப்பு என்னுது" என்றார். அதோடு அவருடைய வேலையும் போயிற்று. படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்; படி அவருக்குத் தெரியாது. "மனசுல வச்சுக்காத காது. நீ என்ன, வேணும்னா சொன்ன?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லைங்க" என்றேன்.

மகள் அவனையே கட்டிக்கொண்டாள். என்னோடுதான் இருக்கிறார்கள். வீடு கலகலவென்று இருக்கிறது. மாப்பிள்ளை இப்போதும் தட்டைக் கழுவி வைப்பான். நிற்கும்போது மட்டும் சுவரில் சாய்ந்துகொள்வான். ஆட்டம் பார்த்தால் டிவியின் சத்தத்தை அணைத்துவிடுவான். போன வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டான்:

"மாமா, அன்னிக்கு நீங்க மேல, வர்ணனை அறையிலதானே இருந்தீங்க. நான் நடிச்ச மாதிரியா தெரிஞ்சுது?"

"எனக்குச் சரியாத் தெரியலப்பா. கண்ணாடி அழுக்கு" என்றேன்.

இதையெல்லாம் புத்தகத்தில் போட வேண்டாம். மாப்பிள்ளை எது கிடைத்தாலும் படிக்கிறவன். இப்போது அவனுக்கு வேறென்ன வேலை. படித்தால், பாவம், மனசு கஷ்டப்படுவான். அவன் கஷ்டப்படுவதை என்னால் பார்க்க முடியாது. அந்தச் சர்க்கரை விஷயத்தை மட்டும் போடுங்கள்.