எலிக்குஞ்சின் இதயத்தில் நான் பார்த்தது

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரியாமல் போனதில்லை, ஐயா. வம்புக்காரி என்பார்கள். இருக்கட்டும். பொன்னேரி ஆய்வுக்கூடத்தில் ஜமால் முகம்மது சார் என்னைச் சேர்த்துக்கொண்டதே இந்தக் கண்ணுக்காகத்தான். பிறந்த எலிக்குஞ்சின் இதயத்தை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நீலமாக ஓர் உட்கரு தெரியும். அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பது போலத்தான்.

கருவாட்டில் ஈ மொய்க்காமலிருக்க எங்கள் பக்கம் பூச்சிமருந்துத் தூள் தூவுவார்கள். எண்பத்து மூன்றில் சார் அந்தக் கருவாட்டைச் சினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குஞ்சுகளின் இதயத்தில் சில உட்கருக்கள் இறுகி, கன்னங்கரேலென்று கிடந்தன. செத்த செல்கள் என்று அப்போதே முடிவுகட்டினேன்.

எனக்குப் பிறந்த இரண்டும் நீலம் பாரித்துச் செத்துப்போனவை. ராசி கெட்ட வயிறு என்று ஊர் பேசியது. தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக என் வீட்டுக்காரர் மிரட்டிக்கொண்டிருந்தார். கர்ப்பமாயிருந்த பக்கத்து வீட்டுத் தேவகி, என்னைக் கண்டாலே முந்தானையால் வயிற்றை மூடுவாள். நான் தின்றதோ அவள் காயவைத்த கருவாடு.

"அவசரப்படாத, ஜெசிந்தா. மருந்து படாத குஞ்சையும் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார் சார். தெரிந்த விஷயத்துக்கு எதற்கு வீண்வேலை? அந்தக் குஞ்சுகளைச் சீவாமல் தள்ளிப்போட்டேன்.

தேவகிக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனேன்.

"இன்னாக்கா, திடீர்னு பாசம்? எம்புள்ளைக்குக் கண்ணு வைக்கவா?" என்று சிரித்தாள். ருசி விடவில்லை, தின்றாள். தினமும் கொடுத்தேன். தூளைக் கழுவவில்லை, மேலும் கொஞ்சம் சேர்த்தேன். மனுஷி எலியைவிடப் பெரியவள் அல்லவா.

குழந்தை ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அவள் அழுதபோது முதுகைத் தடவிக்கொடுத்தது நான்தான். "ராசி இல்லடி, கருவாடு. நாந்தான் போட்டுப் பாத்தேன்" என்றேன். ஆறுதலாயிருக்கும் என்று நினைத்தேன். அவள் உங்களிடம் ஓடிவந்துவிட்டாள்.

நேற்று சார் ஸ்டேஷனுக்கு வந்தார். மருந்து படாத குஞ்சுகளை அவரே சீவிப் பார்த்தாராம். அவற்றிலும் அதே கரும்புள்ளிகள். "பொறந்த புதுசுல இதயம் வளரும்மா. செல்லு ரெண்டாப் பிரியறப்ப உட்கரு அப்படித்தான் இறுகிக் கறுக்கும். நீ சாவுன்னு நெனச்சது உசுரு" என்று சொல்லி அழுதார்.

பெரிய படிப்பாளி. வயதாகிவிட்டது, பாவம், கண் தெரியவில்லை. தேவகி குழந்தையின் இதயம், நீங்கள் அறுத்துப் பார்க்க அனுப்பிய ஆஸ்பத்திரியில் இருக்குமே, ஐயா. ஒரு துண்டு வாங்கிக் கொடுங்கள். நானே சாயம் ஏற்றிக் காட்டுகிறேன்.